விண்டோஸில் 'அனுமதி இல்லை' என்று இன்ஸ்டாலேஷன் நின்றுபோனால்: எதை முதலில் பார்ப்பது, எதைக் கடைசியில் தொடுவது

ஒரு மென்பொருளை இன்ஸ்டால் செய்யும்போது 'ஆக்சஸ் இஸ் டினைட்' என்று வந்துவிட்டால் பெரும்பாலானோர் உடனே ரைட் கிளிக் செய்து 'ரன் அஸ் அட்மினிஸ்ட்ரேட்டர்' கொடுக்கிறார்கள். அது கைகொடுக்காவிட்டால் ஆன்டிவைரஸை நிறுத்துகிறார்கள், யுஏசி-யை (மாற்றம் செய்யும் முன் அனுமதி கேட்கும் விண்டோஸ் பாதுகாப்பை) அணைக்கிறார்கள், கடைசியில் விண்டோஸையே புதிதாகப் போட்டுவிடுகிறார்கள். மாணவர்கள், ஆசிரியர்கள், சிறு கடை நடத்துபவர்கள் எனப் பலருடைய கணினிகளில் இந்தப் பிரச்சினையோடு உட்கார்ந்திருக்கிறேன். பெரும்பாலும் அவ்வளவு தூரம் போகத் தேவையே இருந்ததில்லை.

முதலில் கேட்க வேண்டியது, அனுமதி மறுக்கப்பட்டது யாருக்கு என்பதுதான். உங்களுக்கா, கணினியின் அட்மினுக்கா, விண்டோஸ் தனக்குள் வைத்திருக்கும் 'சிஸ்டம்' என்ற கணக்குக்கா? மூன்றுக்கும் திரையில் வரும் வாசகம் ஏறக்குறைய ஒன்றுபோல இருக்கும். தீர்வு மட்டும் வேறு வேறு. கீழே உள்ள வரிசை அந்தக் கேள்விக்கு விடை கண்டுபிடிப்பதற்கானது. விண்டோஸ் 10, 11 இரண்டுக்கும் பொருந்தும்.

1. தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

பிழைச் செய்தியின் படம் முதலில் வேண்டும். 'ஓகே' அழுத்திவிட்டால் அது போய்விடும். அதில் உள்ள எண்தான் பாதி வேலையை முடிக்கப்போகிறது. போனிலாவது ஒரு படம் எடுத்து வையுங்கள்.

அடுத்தது, அந்தக் கணினியில் அட்மின் உரிமை உள்ள ஒரு கணக்கின் பாஸ்வேர்ட். தினமும் பின் எண் போட்டே உள்ளே போகிறவர்கள் பாஸ்வேர்டை மறந்திருப்பார்கள். பாதி வழியில் தேடுவதைவிட இப்போதே சரிபார்த்துக்கொள்ளலாம்.

மூன்றாவதாக, கணினி யாருடையது என்று பாருங்கள். அலுவலகமோ கல்லூரியோ கொடுத்த லேப்டாப் என்றால் இந்த வழிகாட்டியில் உங்களுக்கு உதவுவது இரண்டாவது, பதினோராவது படிகள் மட்டும். அங்கே அனுமதி மறுப்பு தற்செயலாக வந்ததல்ல, ஒருவர் யோசித்து வைத்தது. பிழை எண்ணையும் மென்பொருளின் பெயரையும் ஐடி பிரிவுக்கு அனுப்புங்கள். சுற்றுவழி தேடினால் வேலைக்கே சிக்கல் வரலாம்.

கடைசியாக, கணினியை ஒருமுறை 'ரீஸ்டார்ட்' செய்யுங்கள். 'ஷட் டவுன்' போதாது. விண்டோஸில் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் இயங்கினால், ஷட் டவுன் செய்யும்போது அமைப்பின் உள்பகுதி அப்படியே சேமிக்கப்பட்டு அடுத்த முறை திரும்ப எழும். ரீஸ்டார்ட்தான் எல்லாவற்றையும் புதிதாகத் தொடங்கும். பழைய பதிப்பின் ஒரு கோப்பு பின்னணியில் திறந்திருந்தாலும் 'அனுமதி இல்லை' என்றே செய்தி வரக்கூடும். அப்படி இருந்தால் இங்கேயே தீர்ந்துவிடும்.

2. எண்ணைப் படியுங்கள்

செய்தியின் ஆங்கில வாசகத்தைவிட எண் நம்பகமானது. அடிக்கடி வருபவை இவை.

5, அல்லது 80070005 என்று முடியும் எண்: வெறும் 'அனுமதி மறுப்பு'. யாருக்கு, எங்கே என்று சொல்லாது. எல்லாப் படிகளையும் பார்க்க வேண்டியிருக்கும்.

740: அட்மின் உரிமையோடு ஓட வேண்டிய நிரல், சாதாரண உரிமையோடு ஓடப் பார்த்தது. ஐந்தாவது படிக்குப் போங்கள்.

1925: கணினியில் உள்ள எல்லாருக்குமாக இன்ஸ்டால் செய்ய உங்களுக்கு உரிமை போதவில்லை. மூன்றாவது, ஐந்தாவது படிகள்.

1303, 1310: ஒரு ஃபோல்டரைத் தொடவோ கோப்பை எழுதவோ முடியவில்லை. செய்தியிலேயே அந்த இடத்தின் பாதை இருக்கும், குறித்துக்கொள்ளுங்கள். ஏழாவது படி.

1603: பொதுவான தோல்வி எண். காரணம் பல இருக்கலாம், ஃபோல்டர் உரிமை அவற்றில் முக்கியமான ஒன்று. அதற்கும் ஏழாவது படிதான்.

2502, 2503: இரண்டும் அடுத்தடுத்து வரும். எட்டாவது படி.

1402, 1406: ரெஜிஸ்ட்ரியில் (விண்டோஸும் மென்பொருள்களும் தங்கள் அமைப்புகளைச் சேமிக்கும் தரவுத்தளத்தில்) ஒரு பகுதியைத் திறக்கவோ எழுதவோ முடியவில்லை. பழைய பதிப்பு அரைகுறையாக நீக்கப்பட்டிருந்தால் அடிக்கடி வரும். அந்த மென்பொருளைத் தயாரித்தவர்களே தரும் நீக்கும் கருவி இருந்தால் அதை ஓட்டிவிட்டு மறுபடி முயலுங்கள். ரெஜிஸ்ட்ரியின் உரிமைகளை மொத்தமாக மாற்றச் சொல்லும் யோசனைகளை நான் யாருக்கும் சொல்லமாட்டேன். ஒரு கிளையில் தவறினால் விண்டோஸ் எழாமலே போகலாம்.

1625: நிர்வாகக் கொள்கை தடுக்கிறது. ஐடி பிரிவிடம் பேசுங்கள்.

1618 என்று வந்தால் அது அனுமதிப் பிரச்சினையே இல்லை. வேறொரு இன்ஸ்டாலேஷன் ஓடிக்கொண்டிருக்கிறது, முடியும்வரை காத்திருந்தால் போதும்.

3. உங்கள் கணக்கு எது என்று பாருங்கள்

செட்டிங்ஸ், அக்கவுண்ட்ஸ், யுவர் இன்ஃபோ என்று போங்கள். உங்கள் பெயருக்குக் கீழே 'அட்மினிஸ்ட்ரேட்டர்' என்று இருந்தால் அட்மின் கணக்கு. அந்தச் சொல் இல்லையென்றால் சாதாரணக் கணக்கு.

"நான்தான் அட்மின், எனக்கே அனுமதி இல்லை என்கிறதே" என்று பலர் குழம்புவது இந்த இடத்தில். அட்மினாக உள்ளே நுழைந்தாலும் விண்டோஸ் உங்களுக்கு இரண்டு அடையாளச் சீட்டுகளைத் தயார் செய்கிறது. ஒன்று சாதாரணம், மற்றொன்று முழு உரிமை கொண்டது. நீங்கள் திறக்கும் எல்லா நிரல்களும் சாதாரணச் சீட்டோடுதான் ஓடும். திரை மங்கி, "இந்த நிரல் மாற்றம் செய்ய அனுமதிக்கலாமா" என்று கேட்கும் இடத்தில் 'யெஸ்' அழுத்தும்போதுதான் அந்த ஒரு நிரலுக்கு மட்டும் முழுச் சீட்டு போகிறது. இதைத்தான் யுஏசி என்கிறோம். ஆகவே அட்மின் கணக்கில் இருப்பது வேறு, அட்மின் உரிமையோடு ஒரு நிரல் ஓடுவது வேறு.

அந்தக் கேள்விப் பெட்டி சில சமயம் முன்னால் வராமல், டாஸ்க்பாரில் கேடயப் படத்தோடு மின்னிக்கொண்டிருக்கும். கவனிக்காமல் விட்டால் சற்று நேரத்தில் மறுத்ததாகவே எடுத்துக்கொள்ளப்படும். "ஒன்றும் கேட்கவே இல்லை, தானாகத் தோற்றுவிட்டது" என்பவர்கள் முதலில் டாஸ்க்பாரைப் பாருங்கள்.

பெட்டியில் 'யெஸ்' மங்கிக் கிடக்கிறது, பாஸ்வேர்ட் கேட்கும் இடமும் இல்லை என்றால், கணினியில் இயங்கும் அட்மின் கணக்கு ஒன்றுகூட இல்லை என்று அர்த்தம். இருந்த ஒரே அட்மின் கணக்கை யாரோ சாதாரணக் கணக்காக மாற்றியிருப்பார்கள். உங்கள் கோப்புகளை வெளி டிரைவில் நகலெடுத்துவிட்டு, விவரம் தெரிந்தவரிடம் காட்டுங்கள். இதற்குக் கீழே உள்ள படிகள் எதுவும் இந்த நிலையில் உதவாது.

4. இன்ஸ்டால் கோப்பைச் சரியான இடத்துக்குக் கொண்டுவாருங்கள்

சிறிய படிதான். ஆனால் தவிர்த்தால் பின்னால் நேரம் போகும்.

ஸிப் கோப்புக்குள் இருந்தபடியே இன்ஸ்டாலரை இரட்டைக் கிளிக் செய்யாதீர்கள். அப்படிச் செய்தால் அந்த ஒரு கோப்பு மட்டும் தற்காலிக இடத்தில் விரிந்து, அதற்குத் துணையான மற்ற கோப்புகள் கிடைக்காமல் போகும். முதலில் 'எக்ஸ்ட்ராக்ட் ஆல்' கொடுங்கள்.

நெட்வொர்க் டிரைவில் இருந்தும் ஓட்டாதீர்கள். நீங்கள் இணைத்து வைத்த நெட்வொர்க் டிரைவ் உங்கள் சாதாரணச் சீட்டோடு இணைந்தது. முழு உரிமையோடு ஓடும் இன்ஸ்டாலருக்கு அந்த டிரைவ் எழுத்து கண்ணிலேயே படாது. நேற்றுவரை திறந்த கோப்பை இன்று "காணவில்லை" என்று இன்ஸ்டாலர் சொல்வது இதனால்தான். சி டிரைவில் ஒரு தனி ஃபோல்டர் உருவாக்கி, அதில் நகலெடுத்து ஓட்டுங்கள்.

நகலெடுத்ததும் கோப்பின் மேல் ரைட் கிளிக், ப்ராபர்ட்டீஸ். ஜெனரல் பகுதியின் அடியில் 'அன்பிளாக்' என்ற கட்டம் தெரிந்தால், இணையத்திலிருந்து வந்த கோப்பு என்று விண்டோஸ் முத்திரை குத்தியிருக்கிறது. தயாரித்தவர்களின் சொந்தத் தளத்திலிருந்துதான் இறக்கினீர்கள் என்று உறுதியாகத் தெரிந்தால் மட்டும் டிக் செய்து அப்ளை கொடுங்கள்.

5. அட்மின் உரிமையோடு ஓட்டுவது

இஎக்ஸ்இ கோப்பு (பெயர் .exe என்று முடிவது) என்றால் எளிது: ரைட் கிளிக், ரன் அஸ் அட்மினிஸ்ட்ரேட்டர். பல இன்ஸ்டாலர்கள் தாமாகவே உரிமை கேட்கும், பழையவை கேட்காது. பழைய 32 பிட் நிரல்களின் கோப்புப் பெயரில் 'செட்அப்', 'இன்ஸ்டால்' போன்ற சொற்கள் இருக்கிறதா என்று பார்த்தும் விண்டோஸ் இதை ஊகிக்கிறது. அதனால், பழைய இன்ஸ்டாலருக்கு நீங்கள் வேறு பெயர் வைத்துவிட்டால் அந்தக் கேள்வி வராமலே போகலாம்.

எம்எஸ்ஐ கோப்புதான் (பெயர் .msi என்று முடிவது) புதியவர்களை அதிகம் திணறடிப்பது. அதன் ரைட் கிளிக் பட்டியலில் ரன் அஸ் அட்மினிஸ்ட்ரேட்டர் இருக்காது. இப்படிச் செய்யுங்கள்:

ஷிஃப்ட் விசையை அழுத்திக்கொண்டு எம்எஸ்ஐ கோப்பின் மேல் ரைட் கிளிக் செய்து 'காப்பி அஸ் பாத்' கொடுங்கள். மேற்கோள் குறிகளோடு முழுப் பாதையும் நகலாகும். அப்புறம் ஸ்டார்ட் மெனுவில் 'கமாண்ட் ப்ராம்ப்ட்' என்று தேடி, அதை ரைட் கிளிக் செய்து அட்மினாகத் திறங்கள். கருப்புச் சாளரத்தில் பாதையை ஒட்டி என்டர் தட்டுங்கள். அந்தச் சாளரத்துக்குக் கிடைத்த முழுச் சீட்டை இன்ஸ்டாலரும் பெற்றுக்கொள்ளும். தனியாகக் கட்டளை எதையும் மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை.

இதையே பவர்ஷெல்லில் செய்தால் நடக்காது. மேற்கோள் குறிக்குள் இருப்பதை அது வெறும் எழுத்தாக எடுத்து, அப்படியே திரும்பக் காட்டிவிட்டு நிற்கும். விண்டோஸ் 11-இல் டெர்மினலைத் திறந்தால் பெரும்பாலும் பவர்ஷெல்தான் வரும், கவனியுங்கள்.

6. வேறொருவர் பாஸ்வேர்ட் போட்டு இன்ஸ்டால் ஆனால்

இன்ஸ்டாலேஷன் வெற்றி என்று வருகிறது, ஆனால் ஐகான் இல்லை. அல்லது நிரல் திறக்கிறது, அமைப்புகள் எதுவும் நிற்பதில்லை. இதை நான் மிக அதிகமாகப் பார்த்தது குடும்பக் கணினிகளில். மகள் சாதாரணக் கணக்கில் இருப்பாள். கேள்விப் பெட்டி வந்ததும் அப்பா வந்து தன் பாஸ்வேர்டைப் போடுவார். அந்த நொடியிலிருந்து இன்ஸ்டாலர் ஓடுவது மகளின் பெயரில் அல்ல, அப்பாவின் பெயரில். ப்ரோக்ராம் ஃபைல்ஸுக்குள் போக வேண்டியவை சரியாகப் போய்விடும். ஆனால் டெஸ்க்டாப் ஐகான், ஒவ்வொரு கணக்குக்கும் தனித்தனியாக உள்ள ஆப்டேட்டா ஃபோல்டரில் இருக்க வேண்டிய அமைப்புகள் எல்லாம் அப்பாவின் கணக்குக்குள் போய் உட்காரும்.

இன்ஸ்டாலர் "எல்லாருக்குமா, எனக்கு மட்டுமா" என்று கேட்டால் 'எல்லாருக்கும்' தேர்ந்தெடுங்கள். கேட்காவிட்டால், மகளின் கணக்கைத் தற்காலிகமாக அட்மினாக மாற்றி, வெளியேறி மீண்டும் உள்நுழைந்து இன்ஸ்டால் செய்யுங்கள். முடிந்ததும் பழையபடி சாதாரணமாக மாற்றிவிடுங்கள். வெளியேறி உள்நுழைவது ஏன் அவசியம் என்றால், சீட்டுகள் தயாராவது உள்நுழையும்போதுதான். கணக்கை மாற்றிய உடனேயே முயன்றால் பழைய உரிமையே இருக்கும்.

7. ஃபோல்டர் உரிமை: அட்மினாலும் முடியாதபோது

ஐந்தாவது படியைச் சரியாகச் செய்தும் 1603-ஓ 1303-ஓ வந்தால், மறுக்கப்படுவது நீங்கள் அல்ல என்று சந்தேகிக்கலாம். எம்எஸ்ஐ கோப்பை ஓட்டினால் திரையில் தெரிவது உங்கள் சாளரம். ஆனால் கோப்புகளை எழுதும் வேலையைப் பின்னணியில் செய்வது விண்டோஸ் இன்ஸ்டாலர் என்ற சர்வீஸ், அது ஓடுவது 'சிஸ்டம்' கணக்கில். இலக்கு ஃபோல்டரில் சிஸ்டத்துக்கு முழு உரிமை இல்லையென்றால், நீங்கள் எத்தனை முறை அட்மினாக ஓட்டினாலும் பலன் இருக்காது.

இது எப்போது நேரும்? டி டிரைவில் நீங்களே உருவாக்கிய ஃபோல்டரில் இன்ஸ்டால் செய்யும்போது. வேறு கணினியிலிருந்து கழற்றி வந்த ஹார்ட் டிஸ்கில். "என் ஃபோல்டரை வேறு யாரும் பார்க்கக் கூடாது" என்று ஒருமுறை மற்ற பெயர்களையெல்லாம் நீக்கியிருந்தால். பழைய பதிப்பின் ஃபோல்டர் மிச்சமிருந்து, அதன் உரிமையாளர் இப்போது இல்லாத கணக்காக இருந்தால்.

ஃபோல்டரின் உரிமையை மாற்றுவதற்கு முன், மாற்றாமலே தப்பிக்க முடியுமா என்று பாருங்கள். இன்ஸ்டாலர் இடம் கேட்கும்போது அது முதலில் காட்டும் ப்ரோக்ராம் ஃபைல்ஸ் இடத்தையே ஏற்றுக்கொள்ளுங்கள். அங்கே பழைய ஃபோல்டர் கிடந்தால், அதில் உங்கள் தரவு எதுவும் இல்லை என்று பார்த்துவிட்டு, பெயரை மாற்றி வையுங்கள். இன்ஸ்டாலர் சரியான உரிமைகளோடு புதியதை உருவாக்கிக்கொள்ளும். நான் பார்த்தவற்றில் பாதிக்கு மேல் இதிலேயே முடிந்தன.

முடியாவிட்டால் ஃபோல்டரில் ரைட் கிளிக், ப்ராபர்ட்டீஸ், செக்யூரிட்டி, அட்வான்ஸ்டு. மேலே உரிமையாளர் பெயர் இருக்கும். பெயருக்குப் பதிலாக நீளமான எண் வரிசை தெரிந்தால் அது நீக்கப்பட்ட அல்லது வேறு கணினியின் கணக்கு. 'சேஞ்ச்' அழுத்தி அட்மினிஸ்ட்ரேட்டர்ஸ் என்ற குழுவைக் கொடுத்து, உள்ளே இருப்பவற்றுக்கும் உரிமையாளரை மாற்றும் கட்டத்தை டிக் செய்து, ஓகே. சாளரங்களை மூடி மறுபடி திறங்கள். இல்லையென்றால் புதிய நிலை தெரியாது.

பிறகு பட்டியலில் சிஸ்டம், அட்மினிஸ்ட்ரேட்டர்ஸ் இரண்டுக்கும் 'ஃபுல் கண்ட்ரோல்' இருக்கிறதா என்று பாருங்கள். இல்லாததை 'ஆட்' மூலம் சேருங்கள். 'டினை' என்று தொடங்கும் வரி இருந்தால் அதைக் கவனித்துப் படியுங்கள். ஒரே ஃபோல்டரில் நேராகக் கொடுத்த மறுப்பும் அனுமதியும் மோதினால் மறுப்புதான் வெல்லும். அனுமதியைச் சேர்த்துக்கொண்டே போயும் சரியாகவில்லை என்றால் இதுதான் காரணம்.

இரண்டு தவறுகளைத் தவிருங்கள். 'எவ்ரிஒன்' என்ற குழுவுக்கு முழு உரிமை கொடுப்பது ஒன்று. அப்படிச் செய்தால் எந்தச் சாதாரண நிரலும், வைரஸ் உட்பட, அந்த மென்பொருளின் கோப்புகளை மாற்றலாம். மற்றொன்று, சி டிரைவ் முழுவதற்கும் உரிமையாளரை மாற்றுவது. விண்டோஸின் பல பகுதிகளுக்கு உரிமையாளர் 'டிரஸ்டட் இன்ஸ்டாலர்' என்ற தனி அடையாளம். அதைக் கலைத்துவிட்டால் அப்டேட்கள் தோற்கும், பழைய நிலைக்குக் கொண்டுவர எளிய வழி கிடையாது. மாற்றம் அந்த ஒரு ஃபோல்டருக்குள்ளேயே நிற்கட்டும்.

ஃபோல்டரில் பூட்டுப் படம் தெரிந்தால் அது என்க்ரிப்ட் செய்யப்பட்டது. சிஸ்டம் கணக்கிடம் உங்கள் சாவி இல்லை, எனவே அங்கே இன்ஸ்டால் ஆகாது. வேறு இடம் பாருங்கள். செக்யூரிட்டி என்ற பகுதியே காணோம் என்றால் அந்த டிரைவ் ஃபேட்32 அல்லது எக்ஸ்ஃபேட் முறையில் உள்ளது. அங்கே இந்த உரிமைப் பட்டியலே கிடையாது, கோளாறு வேறெங்கோ.

8. 2502, 2503 எண்கள்

விண்டோஸ் ஃபோல்டருக்குள் இருக்கும் டெம்ப் ஃபோல்டரில் எழுத முடியாதபோது இவை வரும். ஐந்தாவது படியில் சொன்ன கமாண்ட் ப்ராம்ப்ட் வழியிலேயே பெரும்பாலும் தீர்ந்துவிடும், முதலில் அதைச் செய்யுங்கள். தீராவிட்டால் அந்த டெம்ப் ஃபோல்டரில் மட்டும் ஏழாவது படியைப் பின்பற்றுங்கள்.

9. விண்டோஸ் இன்ஸ்டாலர் சர்வீஸ்

ஸ்டார்ட் மெனுவில் 'சர்வீசஸ்' என்று தேடித் திறந்து, பட்டியலில் விண்டோஸ் இன்ஸ்டாலரைப் பாருங்கள். அது ஓடாமல் இருப்பதைப் பார்த்துப் பதற வேண்டாம். 'மேனுவல்' என்று இருந்தால் தேவைப்படும்போது தானே எழும். 'டிசேபிள்டு' என்று இருந்தால்தான் கோளாறு. விண்டோஸ் மிகக் குறைந்த அளவில் மட்டும் எழும் சேஃப் மோடில் இந்தச் சர்வீஸ் இயல்பாக ஓடாது. ஆகவே "சேஃப் மோடில் போய் இன்ஸ்டால் செய்து பார்" என்ற யோசனை எம்எஸ்ஐ கோப்புகளுக்குப் பொருந்தாது.

10. பாதுகாப்பு மென்பொருளைச் சோதிப்பது

இதை இவ்வளவு தள்ளி வைத்ததற்குக் காரணம் உண்டு. ஆன்டிவைரஸை நிறுத்திவிட்டு இன்ஸ்டால் செய்வது, உண்மையிலேயே கெட்ட கோப்பாக இருந்தால் கதவைத் திறந்து வைத்தது போல. மேலே உள்ளவை எல்லாம் முடிந்த பிறகே இங்கே வாருங்கள்.

விண்டோஸ் செக்யூரிட்டியில் 'ப்ரொடெக்ஷன் ஹிஸ்டரி' திறங்கள். நீங்கள் இன்ஸ்டால் செய்ய முயன்ற அதே நேரத்தில் ஏதாவது தடுக்கப்பட்டதாகப் பதிவு இருக்கிறதா? இருந்தால் என்ன தடுத்தது என்று அதுவே சொல்லும். 'கண்ட்ரோல்டு ஃபோல்டர் ஆக்சஸ்' என்று இருந்தால், டெஸ்க்டாப்பிலோ டாக்குமெண்ட்ஸிலோ இன்ஸ்டாலர் எழுத முயன்று தடுக்கப்பட்டிருக்கிறது. பாதுகாப்பு முழுவதையும் அணைக்காமல், அந்த நிரலை மட்டும் அனுமதிப் பட்டியலில் சேருங்கள்.

'விண்டோஸ் ப்ரொடெக்டட் யுவர் பிசி' என்ற நீலப் பெட்டி அனுமதிப் பிழை அல்ல. அந்தக் கோப்பு அதிகம் அறியப்படாதது என்ற எச்சரிக்கை. விண்டோஸ் 'எஸ் மோட்' உள்ள லேப்டாப் என்றால் மைக்ரோசாஃப்ட் ஸ்டோருக்கு வெளியிலிருந்து எதுவும் இன்ஸ்டால் ஆகாது. புதிதாக வாங்கிய விலை குறைந்த லேப்டாப்களில் இதைச் சரிபாருங்கள். ஸ்டோர் வழியாக எஸ் மோடிலிருந்து இலவசமாக வெளியேறலாம், ஆனால் திரும்பிப் போக முடியாது.

11. அட்மின் உரிமையே தேவைப்படாத வழி

அட்மின் பாஸ்வேர்ட் கிடைக்கவே கிடைக்காது என்றால், மென்பொருளுக்கு 'பயனர் அளவு' இன்ஸ்டாலர் இருக்கிறதா என்று பாருங்கள். நிரல் எழுதப் பயன்படும் விஷுவல் ஸ்டுடியோ கோடுக்கு 'யூசர் இன்ஸ்டாலர்', 'சிஸ்டம் இன்ஸ்டாலர்' என்று இரண்டு உண்டு. முதலாவது உங்கள் ஆப்டேட்டாவுக்குள்ளேயே போகும், அட்மின் கேட்காது. பைத்தான் நிரல்மொழியின் வழக்கமான விண்டோஸ் இன்ஸ்டாலரையும் உங்களுக்கு மட்டும் போடலாம். அங்கே 'எல்லாருக்கும்' என்ற தேர்வைத் தொடாதீர்கள், py.exe-க்காக அட்மின் உரிமை கேட்கும் கட்டத்தில் டிக் இருந்தால் அதையும் எடுத்துவிடுங்கள்; இல்லையென்றால் அட்மின் கேள்வி எழும். பைத்தானில் கூடுதல் தொகுப்புகள் சேர்க்கும்போது அனுமதிப் பிழை வந்தாலும் அட்மினாக ஓட்டாதீர்கள். உங்கள் ஃபோல்டரில் ஒரு வர்ச்சுவல் என்விரான்மெண்ட் (தொகுப்புகளைத் தனியாக வைக்கும் இடம்) உருவாக்கிக்கொண்டால் அந்தப் பிழை வராது.

அச்சுப்பொறி டிரைவர், ஆன்டிவைரஸ் போன்றவற்றுக்கு இந்த வழி பெரும்பாலும் இல்லை. அவை விண்டோஸின் உள்பகுதியைத் தொடுபவை.

12. இன்னும் பிடிபடவில்லை என்றால்

விண்டோஸின் நிகழ்வுப் பதிவுகளைக் காட்டும் ஈவென்ட் வியூவரைத் திறந்து, விண்டோஸ் லாக்ஸ், அப்ளிகேஷன் என்று போங்கள். எம்எஸ்ஐஇன்ஸ்டாலர் என்ற மூலத்திலிருந்து 11708 எண்ணோடு பதிவு இருந்தால் அது தோல்விப் பதிவு, எந்த மென்பொருள் என்றும் சொல்லும். எந்த இடத்தில் மறுக்கப்பட்டது என்று துல்லியமாகத் தெரிய வேண்டுமானால் நிரல்கள் தொடும் ஒவ்வொரு கோப்பையும் பதிவு செய்யும், மைக்ரோசாஃப்ட் இலவசமாகத் தரும் ப்ராசஸ் மானிட்டர் போல வேறொன்று இல்லை. அதை ஓடவிட்டு இன்ஸ்டால் செய்து, 'ரிசல்ட்' பத்தியில் 'ஆக்சஸ் டினைட்' உள்ள வரிகளை மட்டும் வடிகட்டுங்கள். எந்தக் கணக்கு, எந்தப் பாதையில் தடுக்கப்பட்டது என்று அங்கே தெரியும். யூசர் பத்தி தெரியாவிட்டால் பத்திகளைத் தேர்ந்தெடுக்கும் இடத்தில் சேர்த்துக்கொள்ளுங்கள். எல்லா மறுப்பும் கோளாறு அல்ல. தோல்விச் செய்தி வந்த நொடிக்குச் சற்று முன்னால் உள்ள வரிகளைப் பாருங்கள்.

13. முடிந்த பிறகு

மென்பொருளைச் சாதாரணமாக, அட்மின் இல்லாமல் திறந்து பாருங்கள். "எதற்கும் இருக்கட்டும்" என்று எப்போதும் அட்மினாக ஓடும்படி அமைத்துவிடாதீர்கள். அட்மினாக ஓடும் சாளரத்துக்குள் ஃபைல் எக்ஸ்ப்ளோரரிலிருந்து கோப்புகளை இழுத்துப் போட முடியாமல் போகும். விசைகளை இடைமறித்து வேலை செய்யும் சில தமிழ்த் தட்டச்சு மென்பொருள்கள் அதில் எழுத்தே விழாமல் நிற்கும். சாதாரண உரிமையில் ஓடும் நிரல், உயர்ந்த உரிமையில் ஓடும் நிரலுக்கு விசைகளை அனுப்ப விண்டோஸ் விடுவதில்லை.

தற்காலிகமாக அட்மினாக்கிய கணக்கு, நிறுத்திய பாதுகாப்பு, கீழே இறக்கிய யுஏசி அளவு என்று வழியில் மாற்றியவற்றை எல்லாம் பழைய நிலைக்குக் கொண்டுவாருங்கள். பெயர் மாற்றி வைத்த பழைய ஃபோல்டரை ஒரு வாரம் விட்டுவைத்து, எதுவும் குறையவில்லை என்றானதும் நீக்கலாம்.